மும்பையா, புனேயா? பயணச் செலவும் பருவநிலையும்

மும்பை: தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ புனேவுக்குக் குடிபெயர எண்ணுவோர், வீட்டு வாடகையோடு அன்றாடப் பயணச் செலவையும் கணக்கிடுவது நல்லது.

ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் மும்பையில் 26 ரூபாய், புனேவில் 25 ரூபாய். ஏசி இல்லாத மாநகரப் பேருந்துகளில் 2025ஆம் ஆண்டின் உயர்வுக்குப் பின் இரு நகரங்களிலும் குறைந்தபட்சம் 10 ரூபாய். வேறுபாடு புறநகர் ரயிலில்தான். மும்பையில் இரண்டாம் வகுப்பில் 10 கி.மீ. வரை 5 ரூபாயில் செல்லலாம்; மாதச் சீட்டு எடுத்தால் செலவு மேலும் குறையும். புனேவின் புறநகர் ரயில் சேவையோ லோனாவாலா தடத்தோடு முடிந்துவிடுகிறது. மெட்ரோ எட்டாத பகுதிகளில் பெரும்பாலானோருக்கு இருசக்கர வாகனமே துணை. வாடகையில் மிச்சமாவதில் ஒரு பகுதியைப் பெட்ரோல் விழுங்கிவிடக்கூடும்.

பருவநிலையில் புனேவுக்கே சாதகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அந்நகரம் அமைந்துள்ளது. அரபிக்கடலின் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே பெருமழையாகக் கொட்டிவிடுகிறது. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது; புனேவில் சுமார் 750 மி.மீ. மட்டுமே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பதிவானது. மழைநீர் தேங்கும் தாழ்வான தெருக்களில் வசிப்போருக்கு இந்த வேறுபாடு வெறும் புள்ளிவிவரமன்று. கோடையில் புனேவின் பகல் வெப்பம் மும்பையை விஞ்சும்; ஆனால் புழுக்கம் குறைவு, இரவில் குளிரும்.

உறவினரைக் காண வந்துபோகும் செலவும் உண்டு. விரைவுச்சாலையில் காருக்கு ஒருவழிச் சுங்கம் 320 ரூபாய். சிவ்நேரி உள்ளிட்ட மாநில அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு 2023 மார்ச் முதல் பாதிக் கட்டணமே.