நழுவும் தோளும் நாண் ஒட்டும்

கண்டி நித்தவளை மைதானத்தில் றக்பி ஆடும் இளைஞருக்கும், 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காகக் கொழும்பு றோயல் கல்லூரியோடு பொருதிவரும் திரித்துவக் கல்லூரி மாணவருக்கும், எதிரியை மடக்க நீட்டிய கரம் பின்னோக்கி முறுக்குண்டு தோள்மூட்டு விலகிவிடுவது நன்கு பரிச்சயமான விபத்தாகும். புஜ எலும்பின் உருண்டைத் தலை, பீரிசில் வைத்த தோடம்பழம்போல ஆழமற்ற குழியொன்றில் அமர்ந்திருப்பதாலேயே கை எத்திசையிலும் சுழல்கிறது. அந்தத் தலை நழுவாமல் காப்பவை குழியின் விளிம்பைச் சூழ்ந்த குருத்து வளையமும், மூட்டுறையும், அதனோடு பின்னிய நார்களுமே.

விலகிய தோளை அக்குளில் உலக்கை கொடுத்து உயர்த்திப் பொருத்தி, சுவஸ்திகக் கட்டு இடும் முறையைப் பண்டைய வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதையே விவரிக்கிறது. எனினும், பொருத்திய தோள் மீண்டும் மீண்டும் விலகுவதேன் என்பதற்கு, குருத்து வளையம் விளிம்பினின்று பிய்ந்துவிடுவதே காரணமென 1923இல் தெளிவுறக் காட்டியவர் பாங்கார்ட் என்னும் ஆங்கில வைத்தியர். பிய்ந்ததை மீளத் தைக்கும் அவரது சத்திர சிகிச்சை இன்று சிறு துவாரங்களின் வழியே நடைபெறுகிறது.

அத்தையலும் தோற்றால் என் செய்வது? விளிம்பெலும்பு தேய்ந்திருந்தால், பிரெஞ்சு வைத்தியர் லத்தார்ஜே 1954இல் வெளியிட்ட முறைப்படி, தோட்பட்டையின் எலும்பு முனையொன்றை அதைப் பற்றிய தசைநாணோடு வெட்டிக் குழியின் முன்விளிம்பில் திருகாணியிட்டுப் பொருத்துவர். எலும்பு செவ்வையாயிருந்தும், பலமுறை விலகியும் தைத்தும் மூட்டுறை நைந்துபோயிருந்தால், மீண்டும் தைப்பதற்கு அங்கே திசுவே இராது. அப்போதுதான் தொடையின் பின்புறத்துத் தசைநாணையோ, இறந்தவர் தானமளித்த குதிகால் நாணையோ கொணர்ந்து, எலும்பிற் குடைந்த துளைகளூடே கோத்துப் புதிய பிணைப்பை உண்டாக்குவர். தொராந்தோ நகரத்து வைத்தியர்களான காலியும் லெமெசூரியரும் 1927இலேயே தொடையின் உறைநாரைக்கொண்டு இத்தகைய பிரயோகத்தை வெளியிட்டுள்ளனர். தானத் திசுவைக் காமாக் கதிர்களால் கிருமியொழிக்கும் மனிதத் திசு வங்கியொன்றை, இலங்கைக் கண்தான சங்கம் 1996இல் கொழும்பில் நிறுவியமை நம் நாட்டுக்குப் பெருமை தருவதாகும்.

ஒட்டிய நாண் முதலில் உயிரற்றதே. மெல்ல மெல்ல இரத்த நாளங்கள் அதனுள் ஊடுருவி, உயிரணுக்கள் குடியேறிய பின்னரே அது வலுப்பெறும். ஆதலால், சில வாரங்கள் கையைத் தூளியிலிட்டுக் காத்து, பல மாதங்கள் பயிற்சி செய்தல் அவசியம். அவ்வாறு செய்தும், இத்தகைய மறுசிகிச்சை முதற் சிகிச்சையளவு பலனை எல்லோருக்கும் தருவதில்லை. தோள் சற்றே இறுகிப்போவதும் உண்டு.

ஆகையால், முதன்முறை விலகிய தோளைத் தோழர் இழுத்துப் பொருத்தியதோடு திருப்தியுற்று அடுத்த வாரமே களம்புகும் இளைஞரும், அதற்கு இசையும் பெற்றோரும் பயிற்றுநரும், விளிம்பு தேயுமுன்னரே கண்டித் தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ எலும்பு வைத்திய நிபுணரைக் காணுமாறு வேண்டுகிறேன்.