கழற்றி மாட்டும் பயணப் பை: தைக்கக் கொடுக்கும் முன்

ஒரகடம் ஆலையில் தயாராகும் ரெனோ டிரைபர் காரைப் பார்த்திருப்பீர்கள். ஏழு பேர் உட்காரும் வண்டி. கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால், பின்னால் சாமான் வைக்கும் இடம் 84 லிட்டரிலிருந்து 625 லிட்டராகிவிடும். கழற்றி மாட்டும் பயணப் பையும் இதே யோசனைதான். ஒரு தாய்ப் பை. அதோடு சேர்த்து மாட்டவும் தனியே தூக்கவும் முடிகிற சின்னப் பைகள்.

இது உங்களுக்கு எதற்கு? ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் பக்கம் அறையிலோ விடுதியிலோ தங்கி ஷிஃப்ட் பார்ப்பவர் என்றால், ஊருக்குப் போகும்போது பையில் இருப்பது அழுக்குத் துணி. திரும்பும்போது துவைத்த துணியோடு ஊறுகாய், இட்லிப் பொடி, முறுக்கு எல்லாம் சேர்ந்துகொள்ளும். போகும் சுமை வேறு, வரும் சுமை வேறு. ஒரே பையில் இரண்டையும் அடைத்தால் சட்டையில் எண்ணெய் ஏறும். தனிப் பைகளாகத் தூக்கினால், நின்றுகொண்டே போகிற பஸ்ஸில் கை போதாது.

எத்தனை பைகள் வேண்டும்? மூன்று போதும் என்பேன். துணிக்குத் தாய்ப் பை. சாப்பாட்டுச் சாமானுக்கு, காலியாக இருக்கும்போது தட்டையாக மடங்கும் இரண்டாவது பை. செல்போன், பணம், அடையாள அட்டைக்குத் தோளில் மாட்டும் சின்னப் பை. ஐந்து, ஆறு என்று ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் எடை கூட்டும். ஒரே கொள்ளளவு என்றால், கழற்றி மாட்டும் பை சாதாரணப் பையைவிடக் கனமாகத்தான் இருக்கும்.

எந்த அளவில் தைப்பது? தாய்ப் பைக்கு வசதியான அளவு 45 செ.மீ. உயரம், 30 அகலம், 20 ஆழம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 27 லிட்டர்; இரண்டு மூன்று நாள் துணி அடங்கும். உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக வழக்கமாக அனுமதிக்கும் 55-க்கு 35-க்கு 25 என்ற அளவுக்குள்ளும் இது வந்துவிடும். எடை 7 கிலோவைத் தாண்டக்கூடாது.

இனிதான் முக்கியமான இடம். பைகளை எதைக் கொண்டு இணைப்பது? இதை முடிவு செய்யாமல் துணி வெட்டாதீர்கள். ஒரகடத்தில் க்விட் காரும் (2015) டாட்சன் ரெடி-கோவும் (2016) ஒரே அடித்தளத்தில் உருவாக முடிந்ததற்குக் காரணம், எது எங்கே பொருந்தும் என்ற அளவுகளை முதலிலேயே முடிவு செய்ததுதான். பையிலும் இணைப்பின் அளவு மாறவே கூடாது.

ஜிப் போட்டு இணைத்தால் அழகாக இருக்கும். ஆனால் எடை முழுவதும் பல்லில் விழுந்து சீக்கிரம் பிளந்துவிடும். வெல்க்ரோ (ஒட்டிப் பிரியும் நாடா) தூசி ஏறினால் பிடிக்காது. லாரிகள் ஓடும் நம் சாலைகளில் தூசிக்குக் குறைவா என்ன!

பெல்ட்டும் லாக்கும்தான் நம்பகமானவை. அமெரிக்க ராணுவம் 1990-களின் கடைசியிலிருந்து பயன்படுத்தும் முறை ஒன்றை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். 25 மி.மீ. அகல பெல்ட்டைப் பையின் மேல் படுக்கையாக வைத்து, 38 மி.மீ.க்கு ஒரு தையல் போட்டு, வரிசையாக வளையங்கள் ஆக்குவார்கள். அடுத்த வரிசைக்கு 25 மி.மீ. இடைவெளி. சின்னப் பையின் முதுகிலும் அப்படியே. ஒரு நாடாவைப் பெரிய பையின் வளையத்தில் ஒருமுறை, சின்னப் பையின் வளையத்தில் ஒருமுறை என்று மாறி மாறிக் கோத்து இறக்கி, அடியில் பொத்தான் போட்டால் பை ஆடாது. அடிக்கடி கழற்ற வேண்டிய சாப்பாட்டுப் பைக்கு மட்டும் நான்கு மூலையிலும் லாக் வைத்துவிடுங்கள். கோத்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது.

என்ன துணி? கடைக்காரர் டெனியர் (நூலின் தடிமன் அளவு) என்பார். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். 600 டெனியர் பாலியஸ்டர் உங்களுக்குப் போதும். பைக்கில் கட்டிப் போகிறவர் என்றால் 1000 டெனியர் நைலான் கேளுங்கள், உராய்வைத் தாங்கும். ஜிப்புக்கும் எண் உண்டு. மூடியபின் பல்வரிசை ஏறக்குறைய எத்தனை மி.மீ. அகலமோ அதுவே எண். தாய்ப் பைக்கு 8 அல்லது 10, சின்னதற்கு 5. சென்னை பாரிமுனைப் பக்கம் இவையெல்லாம் கிடைக்கும்.

வீட்டுத் தையல் மெஷினில் முடியுமா? துணியும் பெல்ட்டும் நான்கைந்து அடுக்கு சேரும் இடத்தில் ஊசி ஒடியும். பை தைக்கிறவரிடமே கொடுங்கள். ஆனால் மாதிரியை நீங்களே செய்யுங்கள். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து, உங்கள் துணிகளை வைத்துப் பாருங்கள். ஜிப் திறக்கும் பக்கம் தவறென்றால் அப்போதே தெரிந்துவிடும்.

தைக்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். பெல்ட், உள்பாக்கெட், ஜிப் எல்லாம் துணி தட்டையாக இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். பக்கங்களை மூடுவது கடைசி வேலை. தோள் பெல்ட் பையில் சேரும் இடத்தில் ஒரே கோடாகத் தைத்து விட்டுவிடுவார்கள். சும்மா இருக்காதீர்கள். ஒரு சதுரம், அதற்குள் பெருக்கல் குறி என்று தைக்கச் சொல்லுங்கள். சுமை நாலாபக்கமும் பரவும். பை பெரும்பாலும் கிழிவது இங்கேதான்.

மழைக்குத் தாங்குமா? துணி தாங்கும், ஊசித் துளையும் ஜிப்பும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் பைக்கில் போகிறவர் தனி மழையுறை ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது.

பை கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மாட்டி, பத்துக் கிலோ அரிசியைப் போட்டு ஒரு ராத்திரி ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் தையல் இழுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம்.

கூடவே அதே அளவில் இரண்டு லாக்கும் ஒரு ஜிப் ரன்னரும் கூடுதலாக வாங்கி வையுங்கள். வெட்டிய மாதிரியையும் பெல்ட் அளவுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு நாலாவது பை ஒன்று வேண்டுமென்றால் அவை இல்லாமல் பொருந்தாது.