கோல்ப் வீச்சும் அதன் பயிற்சி முறையும்

விளையாட்டுக்கள் பலவற்றுள்ளும் கோல்ப் ஒரு தனித்தன்மை வாய்ந்தது. கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் பந்து நம்மை நோக்கி விரைந்து வரும். அதனை எதிர்கொள்ளுதலே ஆட்டக்காரன் தொழில். கோல்பிலோ பந்து புல்லின்மேல் அசையாது கிடக்கின்றது. அதனைத் தடுப்பார் எவருமிலர். ஆட்டக்காரன் நின்று, நோக்கி, எண்ணி, ஆற அமர அடிக்கலாம். அவ்வாறிருந்தும் அடித்த பந்து வலப்புறப் புதரிலேனும் இடப்புறக் குட்டையிலேனும் சென்று மறைவது அன்றாடக் காட்சியாயிருக்கின்றது. இஃது ஏன்? இதனைத் திருத்தும் பயிற்சி யாது? இவ்விரு வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாட்டம் ஸ்காத்லாந்து தேசத்தின் கடலோர மணல்வெளிகளில் வளர்ந்தது. நம் நாட்டிற் கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கழகம் ஏற்பட்டது. நம் மாநிலத்து மலைநகராகிய கோடைக்கானலில் 1895-இல் ஒரு கழகம் தோன்றியது. ஆதலின் இதனை நாம் அறியாத புதுமை என்று தள்ளுதல் பொருந்தாது.

இனி, வீச்சின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டு செல்வதைப் பின்வீச்சு என்றும், அதனைப் பந்தை நோக்கி இறக்குவதை முன்வீச்சு என்றும் வழங்குவோம். தேர்ந்த ஆட்டக்காரரின் பின்வீச்சுக்கு ஏறக்குறைய முக்கால் விநாடியும், முன்வீச்சுக்குக் கால் விநாடியும் செல்லும். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுநிற்கும் நேரமோ ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே. பந்தின் எடை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இச்சிறு பந்தின் போக்கு முழுவதும் அச்சிறு கணத்திலேயே முடிவாகி விடுகின்றது.

அக்கணத்தில் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, மட்டையின் முகம் எத்திசையை நோக்கியிருந்தது என்பது. மற்றொன்று, மட்டைத்தலை எவ்வழியே வந்தது என்பது. பந்து எத்திசையிற் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் முகமே தீர்மானிக்கின்றது. முகம் நோக்கிய திசைக்கும் தலை வந்த வழிக்கும் வேறுபாடு நேர்ந்தால் பந்து சாய்வாகச் சுழன்று, வானில் வளைந்து செல்லும். வழியே புறப்பாட்டைத் தீர்மானிப்பது என்று முன்னாளிற் பலர் கற்பித்தனர். ராடார் கருவிகளால் அளந்து பார்த்த பிறகு அக்கருத்து மாறிற்று.

கால் விநாடிக்குள் நிகழும் முன்வீச்சை நடுவில் நிறுத்தித் திருத்துதல் எவர்க்கும் இயலாது. ஆகவே திருத்தம் யாவும் முன்னரே உடம்பிற் படிந்திருத்தல் வேண்டும். இங்கேதான் பயிற்சியின் தேவை எழுகின்றது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர் நம் பெரியோர். உண்மையே, ஆயினும் அம்மி எத்திசையில் நகரும் என்பது அடிக்கும் திசையைப் பொறுத்தது. பிழையான வீச்சை நூறு முறை செய்தால் பிழையே வேரூன்றும். ஆதலின் வீச்சைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கும் முறைகளை ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். அவற்றுட் சிலவற்றை வலக்கையாளர்க்கு உரியவாறு இங்கே கூறுவோம்.

முதற்கண் பிடி. பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் என்பார் பெயரால் வழங்கும் பிடியே இன்றும் பலரும் மேற்கொள்வது. அதில் இடக்கை மேலும் வலக்கை கீழுமாக அமையும்; வலக்கைச் சிறுவிரல் இடக்கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே மேற்படிந்து நிற்கும். இரு கைகளும் ஒன்றுபட்டுத் தொழில் செய்தலே இதன் பயன். பிடி நெகிழவும் கூடாது; முன்கை நரம்பு புடைக்குமாறு இறுகவும் கூடாது.

இரண்டாவது, நிலை. இரு பாதங்களையும் சேர்த்துவைத்து, பாதி வேகத்தில் வீசிப் பார்த்தல் நன்று. உடம்பை முன்னே தள்ளி வீசுவோர் இதிற் கால் இடறித் தடுமாறுவர். தடுமாறாது வீசப் பழகினால், உடம்பு தன் அச்சிற் சுழல்வதற்கும் பக்கவாட்டிற் சாய்வதற்கும் உள்ள வேற்றுமை தானே விளங்கும்.

மூன்றாவது, கையும் மார்பும் இணைந்து இயங்குதல். ஒரு சிறு துவாலையை இரு அக்குள்களிலும் இடுக்கிக்கொண்டு, இடுப்பளவு உயரத்திற்கு மட்டும் மட்டையை வீசுக. துவாலை விழுமாயின் கைகள் உடம்பை விட்டுத் தனியே ஓடின என்று அறியலாம். முழு வீச்சில் இம்முறை பொருந்தாது, அரைவீச்சுக்கே உரியது.

நான்காவது, மட்டை தரையைத் தொடும் இடம். தரையிற் சுண்ணாம்பாலேனும் குச்சியாலேனும் இலக்கின் திசைக்குக் குறுக்காக ஒரு கோடு கீறுக. அக்கோடு இரு பாதங்களுக்கும் நடுவே அமையுமாறு நின்று, பந்து இல்லாமலே வீசுக. மட்டை மண்ணைப் பெயர்க்கும் இடம் கோட்டிலோ, கோட்டுக்குச் சற்று முன்னோ இருத்தல் வேண்டும். பின்னே இருத்தல் ஆகாது. தரையிற் கிடக்கும் பந்தை இரும்பு மட்டையால் அடிக்கும்போது முதலிற் பந்தும் பின்பு தரையும் படவேண்டும் என்னும் விதி இதனாற் கைவரும்.

ஐந்தாவது, மட்டை வரும் வழி. பந்து வலப்புறம் வளைந்து ஓடுவதே புதியவர்க்குப் பெரும் இடர். மட்டைத்தலை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் குறுக்கே வருதலும், முகம் அவ்வழிக்கு விரிந்து நிற்றலுமே இதற்குக் காரணம். பந்துக்குச் சற்றுப் பின்னும் அப்பாலுமாக ஒரு மெல்லிய துணிப்பொதியை வைத்து, அதனைத் தொடாமல் அடிக்க முயலுக. குறுக்கே வரும் மட்டை அப்பொதியில் மோதிப் பிழையை உடனே காட்டிவிடும்.

இம்முறைகள் யாவற்றினும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பந்து சென்ற தூரத்தைக் கொண்டு நம்மை மதிப்பிடாமல், துவாலையும் கோடும் பொதியும் கூறும் சாட்சியைக் கொண்டு மதிப்பிடுகின்றோம். பந்து சிலவேளை பொய் கூறும். இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து அது நேரே சென்றுவிடுதலும் உண்டு. அதனைக் கண்டு மகிழ்வோன் மறுநாள் ஏமாற்றமடைவான்.

பயிற்சியின் வரிசையைப் பற்றியும் ஆராய்ச்சியாளர் சில உண்மைகளைக் கண்டுள்ளனர். ஷே, மார்கன் என்னும் இருவர் 1979-இல் மூன்று வகைக் கையசைவுகளைச் சிலர்க்குக் கற்பித்தனர். ஒரு சாரார் ஒவ்வொன்றையும் அடுக்கடுக்காகச் செய்து முடித்தனர். மற்றொரு சாரார் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தனர். பயிலும்போது முந்தியோரே மேம்பட்டுத் தோன்றினர். ஆனால் நாட்கள் கழிந்து சோதித்தபொழுது, மாற்றிச் செய்தவரே நன்கு நினைவிற் கொண்டிருந்தனர். ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி ஐம்பது பந்து அடித்து மகிழ்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். முறை சிறிது படிந்தவுடன் மட்டையையும் இலக்கையும் ஒவ்வோர் அடிக்கும் மாற்றுதல் நலம். அன்றியும், 1999-இல் வுல்ஃப் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் கோல்ப் பயில்வோரிடம் செய்த சோதனையில், தம் கைகளின் அசைவை எண்ணியவரினும் மட்டையின் அசைவை எண்ணியவரே குறி தவறாது அடித்தனர் என்பது புலனாயிற்று.

இத்தகைய பயிற்சிக்குச் சான்றாக நிற்பவர் அமெரிக்கராகிய பென் ஹோகன். பதினொரு வயதில் பிறர் மட்டைகளைச் சுமந்து இவ்வாட்டத்தைக் கற்ற அவர், 1930-இல் இதனையே தொழிலாகக் கொண்டார். அவர் பந்து இடப்புறம் கடிதாக வளைந்து கெட்டது. தனியாட்டத்தில் முதல் வெற்றி பெற 1940 வரை காத்திருந்தார். அப்பத்தாண்டும் அவர் தம் பிடியையும் வீச்சையும் ஆராய்ந்து திருத்தியவண்ணம் இருந்தார். புகழ் உச்சியில் இருந்தபோது, 1949 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் கார்மீது ஒரு பஸ் மோதியது. அருகிலிருந்த மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. மீண்டும் நடப்பாரோ என்று பலரும் ஐயுற்றனர். ஆயினும் பதினாறே மாதங்களில், கட்டிய கால்களோடு நடந்து 1950-ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை அவர் வென்றார். உடம்பின் வலிமை குன்றிய நாளிலும் அவர் வீச்சு அவரைக் கைவிடவில்லை.

நம்மிற் பலர்க்கு விரிந்த புற்றரையும் விலையுயர்ந்த மட்டைகளும் எட்டாதவை. எனினும் பந்தில்லாத வீச்சுக்கு ஒரு பழைய மட்டையும் ஒரு துவாலையும் வெறுந்தரையில் ஒரு கோடுமே போதும். நாள்தோறும் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் தேர்ந்து, மெல்ல வீசிப் பழகுவோமாக. வேகத்தைப் பின்பு சேர்த்துக் கொள்ளலாம்.