சுறாவும் சுறவும்

மன்னார்த் தீவிலே பேசாலை, தலைமன்னார் முதலிய கரையூர்களிற் சுறா யாவரும் நன்கறிந்த உணவு மீனாகும். வறையாகவும் கருவாடாகவும் அஃது உண்ணப்படும். பழைய நூல்களிற் ‘சுறவு’ என்னும் வடிவைக் கண்ட மாணவர் சிலர், கடற்றொழிலாளர் வழங்கும் ‘சுறா’ என்பதைச் சிதைந்த வழக்கெனக் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது.

சூல்கொண்ட சுறாவின் கொம்பினை நட்டுப் பரதவர் தெய்வம் பேணியமையைப் பட்டினப்பாலை கூறும். ஆண்டு அம்மீன் ‘சுறவு’ என்றே குறிக்கப்படுகின்றது. ஆயின், 13ஆம் நூற்றாண்டளவிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இவ்விரு வடிவுகளுக்கும் உள்ள உறவினைத் தெளிவாக்குகின்றது. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஆகாரம், செய்யுளிலே குறுகியும், குறுகியபின் உகரம் ஏற்றும், திரியாது இயல்பாகவும் வரும் என்பது அந்நூலின் விதி. நிலா ‘நிலவு’ என்றும், இறா ‘இறவு’ என்றும் வருதல் இவ்விதியினாலேயாம். எனவே, நன்னூலார் நெறிப்படி சுறா என்பதே இயல்பான வடிவு. சுறவு என்பது செய்யுள் நோக்கி அமைந்த திரிபு.

ஆங்கிலத்தில் இம்மீனைக் குறிக்கும் ‘ஷார்க்’ என்னும் சொல் 15ஆம் நூற்றாண்டளவிலேயே எழுத்திற் காணப்படுகின்றது; அதன் பிறப்பு இன்றும் ஐயத்திற்குரியது. நம் சொல்லுக்கோ ஈராயிரம் ஆண்டு வழக்கும் இலக்கணச் சான்றும் உள. மன்னார்க் கரையிலே மீனுக்கு விலை கூறுவோர் நாவிற் பயில்வது கொச்சையன்று. இலக்கணம் ஒப்பிய செந்தமிழ்ச் சொல்லேயாம்.