கூட்டு வியாபாரமும் கூட்டணி ஆட்சியும்



தேர்தல் முடிவு வந்த மறுநாள் கடைவீதியில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த ஆட்சி நிலைக்குமா?" ஆட்சி ஆட்டம் கண்டால் சரக்கை வாங்கி இருப்பு வைப்பதா, கையை மடக்கிக்கொண்டு இருப்பதா என்று நமக்குத் தெரிவதில்லை. ஆகவே கூட்டணி ஆட்சி என்றாலே உதவாது என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் நம் தொழிலே பெரும்பாலும் கூட்டில் நடப்பதுதானே! அண்ணன் தம்பி கூட்டு, மாமன் மச்சான் கூட்டு, முதல் போடுபவரும் உழைப்பைப் போடுபவரும் சேர்ந்த கூட்டு என்று எத்தனையோ கடைகள் இரண்டு தலைமுறை தாண்டி நிற்கின்றன. இரண்டே தீபாவளியில் பிரிந்து போன கடைகளும் உண்டு. எது நிற்கும், எது முறியும் என்பது நமக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக் கூட்டணி ஆட்சியையும், அதோடு சேர்த்துப் பேசப்படும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

வாக்கு ஒரு கணக்கு, இடம் ஒரு கணக்கு

நம் நாட்டில் ஒரு தொகுதியில் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவரே வெற்றி பெறுகிறார். மற்றவர்களுக்கு விழுந்த வாக்கெல்லாம் செல்லாக்காசு. 1991 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. நூற்றுக்கு 22 வாக்கு வாங்கியும் 234-ல் 2 இடமே பெற்றது. 1996-ல் அ.தி.மு.க. நூற்றுக்கு 21 வாங்கி 4 இடம் பெற்றது. 2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் நூற்றுக்கு 4 வாக்கு வாங்கிய பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் நூற்றுக்கு 31 வாங்கிய பா.ஜ.க.வுக்கு 282 இடங்கள் கிடைத்தன. 1984-ல் காங்கிரஸ் பாதி வாக்கை எட்டாமலே 400 இடங்களைத் தாண்டியது.

தராசில் காட்டிய எடை ஒன்று, பில்லில் எழுதிய எடை ஒன்று என்றால் வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? வாங்கிய வாக்கின் விகிதப்படி இடம் கொடுங்கள் என்பதே விகிதாசாரப் பிரதிநிதித்துவம். நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. குடியரசுத் தலைவரும் மாநிலங்களவை உறுப்பினர்களும் இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மக்களவைக்கும் இது வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டபோது, 1949-ல் டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். சபை சிறு சிறு கூறாக உடைந்து ஆட்சி அடிக்கடி கவிழும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். முதல் காரணம் பெருமளவு மாறிவிட்டது. இரண்டாவது காரணத்தைத்தான் நாம் ஆராய வேண்டும்.

ஜெர்மனி கற்ற பாடம்

அம்பேத்கர் அஞ்சியது வெறும் கற்பனையல்ல. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் 60,000 வாக்குக்கு ஓரிடம் என்று கட்டுப்பாடே இல்லாத விகிதாசாரம் வந்தது. சபையில் கட்சிகள் புற்றீசல்போல் பெருகின. 1919 முதல் 1933 வரை சுமார் 20 அமைச்சரவைகள் மாறின. அந்தக் குழப்பமும் சேர்ந்துதான் ஹிட்லருக்கு வழிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் விகிதாசாரத்தைக் கைவிடவில்லை. அதற்கு இரண்டு பூட்டுகள் போட்டார்கள். முதல் பூட்டு, பொதுவாக நூற்றுக்கு 5 வாக்கு வாங்காத கட்சிக்குச் சபையில் இடமில்லை என்பது. 2025 பிப்ரவரித் தேர்தலில் ஒரு கட்சி 4.98 சதவீதம் வாங்கியும் வெளியே நின்றது. இரண்டாம் பூட்டு இன்னும் முக்கியமானது. தலைமை அமைச்சரைக் கவிழ்க்க வேண்டுமானால், அவருக்குப் பதில் யார் என்பதையும் அதே வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா கவிழ்த்துவிட்டுப் போக முடியாது. அந்த நாட்டு மத்திய ஆட்சியில் இப்படி ஆட்சி மாறியது ஒரே முறைதான்: 1982-ல் ஷ்மித் போய், கோல் வந்தார்.

மேலும், அங்கே கூட்டணி சேரும் கட்சிகள் என்னென்ன செய்வோம் என்பதை விரிவாக எழுதிக் கையெழுத்துப் போடுகின்றன. 2021-ல் மூன்று கட்சிகள் சேர்ந்து எழுதிய பத்திரம் 170 பக்கங்களுக்கு மேல். அப்படியிருந்தும் அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. 2023 நவம்பரில் 6,000 கோடி யூரோ நிதி ஒதுக்கீட்டை அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. கையில் பணம் குறைந்ததும் சண்டை முற்றி, 2024 நவம்பரில் நிதி அமைச்சர் நீக்கப்பட்டு ஆட்சி முறிந்தது. கல்லாவில் பணம் இருக்கும்வரை பங்காளிகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? பத்திரம் கூட்டைக் காப்பாற்றிவிடாது. ஆனால் முறியும்போது முறையாக முறிய வழி செய்யும். அங்கே மூன்று மாதத்தில் தேர்தல் நடந்து, மே மாதத்தில் புதிய ஆட்சி பொறுப்பேற்றது.

நியூஸிலாந்திலும் ஒரு பாடம் உண்டு. 1978, 1981 தேர்தல்களில் அதிக வாக்கு வாங்கிய கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. மக்கள் வெறுத்துப்போய் 1993-ல் பொது வாக்கெடுப்பில் ஜெர்மனி முறையை ஏற்றார்கள். 1996-ல் நடந்த முதல் தேர்தலுக்குப் பின் பேரம் பேசவே சுமார் இரண்டு மாதம் ஆனது. அந்தக் கூட்டணியும் இரண்டு ஆண்டில் முறிந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்த கூட்டணிகள் நிலைத்தன. 2011-ல் மறுபடி கேட்டபோதும், இந்த முறையே இருக்கட்டும் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் நாட்டுக் கூட்டணிகள்

விகிதாசாரம் இல்லாமலே நமக்குக் கூட்டணி வந்துவிட்டது. 1996 முதல் 1999 வரை மூன்று மக்களவைத் தேர்தல்கள் நடந்தன; நான்கு ஆட்சிகள் வந்தன. தேவகவுடாவும் குஜ்ராலும் காங்கிரஸின் வெளி ஆதரவில் ஆட்சி நடத்தி, அந்த ஆதரவு போனதும் வீழ்ந்தார்கள். வெளியிலிருந்து ஆதரவு என்பது, முதல் போடாமல், நஷ்டத்துக்கும் பொறுப்பேற்காமல், கல்லாவில் மட்டும் கை வைக்கும் பங்காளிக்குச் சமம். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் ஆட்சி ஒரே வாக்கில் கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களால் மாற்று ஆட்சி அமைக்க முடியாமல் நாடு மீண்டும் தேர்தலுக்குப் போயிற்று. ஜெர்மனியின் இரண்டாம் பூட்டு நம்மிடம் இருந்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பின் 1999 முதல் 2014 வரை கூட்டணி ஆட்சிகளே நடந்தன, இடையில் முறியவில்லை. நம் தொழிலை நேரடியாகத் தொட்ட மதிப்புக் கூட்டு வரியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. மாநில நிதி அமைச்சர்கள் குழுவுக்கு மேற்கு வங்கத்தின் அசிம் தாஸ்குப்தா தலைமை வகித்தார். மத்தியில் ஆட்சி மாறியும் அவரே தொடர்ந்தார். பேசிப் பேசி 2005 ஏப்ரலில் பல மாநிலங்களிலும், 2007 ஜனவரியில் தமிழகத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. நாம் எதிர்த்துக் குரல் கொடுக்கவும், கணக்கு வழக்கைப் புது முறைக்கு மாற்றவும் அவகாசம் இருந்தது.

சில்லறை வணிகத்தில் அன்னிய முதலீடு பற்றிய கதையை நாம் மறக்கக்கூடாது. 2011 நவம்பரில் 51 சதவீதம் அனுமதிக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கூட்டணிக்குள்ளேயே திரிணாமுல் காங்கிரஸும் தி.மு.க.வும் எதிர்த்ததால் டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைக்காரனின் குரலைக் கூட்டணிக் கட்சி கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் 2012 செப்டம்பரில் அதே முடிவு மறுபடி வந்தது. திரிணாமுல் விலகியது. டிசம்பரில் மக்களவை வாக்கெடுப்பில் நம் பக்கம் 218, அரசு பக்கம் 253. எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்பு செய்தன, தி.மு.க. அரசுக்கே வாக்களித்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! கூட்டணியின் நன்மை தீமை இரண்டும் இந்த ஒரே விஷயத்தில் அடங்கிவிட்டன.

தனிப் பெரும்பான்மை ஆட்சி என்றால் விரைவு உண்டு என்பார்கள். உண்மைதான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு அந்த விரைவில் வந்ததுதான். மறுநாள் காலை மண்டியில் நாம் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. அதே ஆட்சி ஜி.எஸ்.டி.யை மன்றம் அமைத்துச் செய்தது. அந்த மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நாலில் மூன்று பங்கு ஆதரவு இல்லாமல் முடிவில்லை. ஜி.எஸ்.டி.யில் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் குறையைச் சொல்ல ஓர் இடமாவது இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

வணிகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம். எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லை. சிதறிக் கிடக்கும் நம் வாக்குக்கு விகிதாசாரம் மதிப்புத் தரும். ஆனால் பூட்டில்லாத விகிதாசாரம் வந்தால் சாதிக்கொரு கட்சி, தெருவுக்கொரு கட்சி என்று கிளம்பிவிடும். ஆகவே முழுவதும் மாற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 1999-ல் சட்ட ஆணையம் தனது 170-வது அறிக்கையில் ஒரு நடுவழி காட்டியது. மக்களவை இடங்களைக் கால்பங்கு கூட்டி, கூடுதல் இடங்களை மட்டும் விகிதாசாரப்படி நிரப்பலாம் என்பது அந்த யோசனை. அது இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.

வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் நம் சங்கங்கள் மூன்று கேள்விகளை வைக்கலாம். கூட்டணி சேருமுன் வரி, வாடகை, உரிமம் பற்றிய உங்கள் உடன்பாட்டை எழுதி வெளியிடுவீர்களா? மாற்று ஆட்சியைக் காட்டாமல் கவிழ்ப்பதில்லை என்று சட்டம் செய்வீர்களா? சட்ட ஆணையத்தின் யோசனையைச் சபைக்குக் கொண்டு வருவீர்களா?

பத்திரம் எழுதாமல், கணக்குப் பார்க்காமல் ஆரம்பித்த கடை மூடிப்போனால், கூட்டு என்ற முறையையே நாம் குறை சொல்வதில்லை. பங்காளிகளைத்தான் சொல்கிறோம். ஆட்சிக்கும் அதே நியாயம்தான்.