காட்சிக்கு மட்டுமா மேட்டூர்?

கோடை வந்துவிட்டால் மலையேரிகளைப் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. உதகையில் படகேறினோம், கோடைக்கானலில் ஏரியைச் சுற்றினோம் என்று பேசுவோர் பலர். நாம் அதைக் குறை கூறவில்லை. எழிலைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. உழைத்துக் களைத்தவனுக்கோ அது உரிமை.

ஆனால் அந்த ஏரிகள் யாருக்காகப் பிறந்தன? உதகை ஏரியை 1820-களில் உண்டாக்கியவர் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். கோடைக்கானல் ஏரியை 1863-இல் அமைத்தவர் மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச். சமவெளியின் வெயில் தாங்காத வெள்ளைத் துரைமார் இளைப்பாற எழுந்த ஊர்கள் அவை. அந்நாளில் தஞ்சைத் தரணியிலே சேற்றில் நின்ற பண்ணையாளுக்கு அந்தக் கரையில் என்ன வேலை?

மலைகளுக்கு நடுவே இன்னோர் ஏரி இருக்கிறது. பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே காவிரியை மறித்து எழுந்த மேட்டூர் ஏரி! இது துரைமாரின் உல்லாசத்துக்காக வந்ததன்று. நம் வயலுக்காக வந்தது. 1924-இல் சென்னையும் மைசூரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1925-இல் வேலை தொடங்கியது. ஒன்பதாண்டு உழைப்புக்குப் பின் 1934 ஆகஸ்டு 21-இல் அணை திறக்கப்பட்டது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு மட்டம் 120 அடி. அந்தத் திட்டத்தோடு வெட்டிய கல்லணைக் கால்வாயைத்தான் நம் மக்கள் 'புது ஆறு' என்கிறார்கள். ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் காவிரி நீரைக் கண்டது அதனால்தான்.

ஏரிக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர். உபரிநீர்ப் போக்கிக்கு என்ஜினியர் எல்லிஸின் பெயர். கல் சுமந்தவன் பெயர் எங்கே? நீரில் மூழ்கிய ஊர்களின் பெயர் எங்கே? தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் மாதாகோயில் கோபுரங்களும் தலைகாட்டுகின்றன. வேடிக்கை பார்க்கப் போகிறோம். அங்கே ஒரு காலத்தில் அடுப்பெரிந்த வீடுகள் இருந்தன, நமக்குச் சோறு விளைய அந்த மக்கள் ஊரை இழந்தார்கள் என்பதை மறக்கலாமா?

ஆடிப்பெருக்கன்று ஆயிரக்கணக்கில் மேட்டூருக்குப் போகிறார்கள். காவிரியில் குளிக்கிறார்கள், மீன் வாங்கிச் சமைக்கிறார்கள், பூங்காவில் குழந்தைகளை விளையாட விடுகிறார்கள். பாட்டாளியின் உல்லாசம் இது. நாம் வாழ்த்துகிறோம். ஆனால் தோழர்களே, அங்கே போகிறவர்கள் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் கேட்டு வாருங்கள். நம் வாழ்வு அந்தக் கணக்கில் இருக்கிறது.

2024-ஐ எண்ணிப் பாருங்கள். ஜூன் 12 வந்தது, அணை திறக்கவில்லை. திறக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றுநீரையே நம்பிய நிலங்களில் குறுவை இல்லை. ஜூலைக் கடைசியில் கர்நாடகத்து அணைகள் நிரம்பி வழிந்தபோதுதான் மேட்டூர் நிறைந்தது. பதினாறு கண் மதகில் நுரை பொங்கிற்று. காட்சி கண்கொள்ளாததுதான். ஆனால் பருவம் போன பிறகு வந்த வெள்ளம், போன குறுவையைத் திருப்பித் தருமா?

குறுவை போனால் மிராசுதார் சம்பாவுக்குக் காத்திருக்கலாம். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்ணால் காத்திருக்க முடியுமா? நிவாரணம் என்றால் ஏக்கர் கணக்குப் பேசுகிறார்கள். ஏக்கரே இல்லாதவன் எந்தக் கணக்கில் வருவான்?

2018-இல் உச்சநீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. ஆண்டுக் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது. மாதக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். ஜூனில் வரவேண்டிய தண்ணீர் ஜூனில் வரவேண்டும். வராத ஆண்டில், கூலி இழந்தவனுக்கும் நிவாரணம் வேண்டும். மூழ்கிய ஊர்களின் பெயரைப் பூங்காவில் கல்லில் பொறிக்க வேண்டும். இவைதாம் நம் கோரிக்கைகள்.

மேட்டூருக்குப் போங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஏரியைக் காட்டி, "இது நம் பாட்டன்மார் கல் சுமந்து கட்டியது, நம் பங்குத் தண்ணீர் இதில் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுங்கள். தனக்குரியது எது என்று அறிந்து வளரும் பிள்ளை, அதை விட்டுக்கொடுக்காது.