இளைக்க வைக்கும் காபித்தூளும் ஐந்து ரிங்கிட் மனுவும்

பினாங்கில் எடை கூடுவதற்குப் பழியைச் சுமப்பது நாசி கண்டார்தான். அதிலாவது ஒளிவுமறைவு கிடையாது. 'பஞ்ஜிர்' என்று சொன்னால் சோறு மூழ்கக் குழம்பு ஊற்றுவார்கள், என்ன தின்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். கூடின எடையை இறக்குவதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் காபித்தூளுக்குள், சாறுக்குள், மிட்டாய்க்குள் என்ன இருக்கிறதென்று விற்கிற அக்காவுக்கே தெரிவதில்லை.

அதிகாரிகளின் சோதனையில் இவற்றில் அடிக்கடி அகப்படுவது சிபுட்ராமின் என்ற பசியடக்கி. ஒரு காலத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துதான். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாக ஆய்வில் தெரிந்ததும் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அது 'முழுக்க மூலிகை' என்ற லேபிளுக்குப் பின்னால் வருகிறது. குடித்தால் எடை குறையவே செய்யும், வம்பே அங்குதான். கண்ணெதிரே பலன் தெரிவதால் நாமே நாலு பேருக்குச் சொல்கிறோம். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, வாய் வறட்சி எல்லாம் 'உடம்பில் கழிவு இறங்குகிறது' என்ற ஒரே பதிலில் அடங்கிவிடும்.

நம்மவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர். அதோடு ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கும் வீடுகள் எத்தனை! அந்த உடம்பில் போய் இந்தத் தூளைக் கரைத்து ஊற்றுகிறோம்.

இளைப்பதற்கான மாத்திரையோ மூலிகை மருந்தோ எதுவானாலும், பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பதிவெண் வேண்டும். எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள், போலி எண்ணும் அச்சாகிறது. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகவையின் இணையப் பட்டியலில் அதைத் தேடி, பொருளின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மருந்து விளம்பரத்துக்குத் தனி அனுமதி உண்டு. அதன் எண் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும். பதிவில்லாத மருந்தை விற்பவருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 'தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன்' என்று வாட்ஸ்அப் குழுவில் விற்கிற அக்காவுக்கும் இதே சட்டம்தான்.

குடித்துவிட்டுப் படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு திணறினாலோ நேரே அவசரப் பிரிவுக்கு. பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே என்ன போயிற்று என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தேசிய நச்சு மையம் நம் ஊரிலேயே, அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது.

சரி, எடையை எப்படித்தான் குறைப்பது? ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' கணக்கில் தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. நாசி கண்டார் கடையிலும் இது முடியும்: சோறு பாதி, வெண்டைக்காய் கூடுதல், பஞ்ஜிர் வேண்டாம். சோற்றை விட்டுவிட்டுத் தே தாரேக்கில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். டின்பாலில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை. 'கூராங் மானிஸ்' கேட்டால் அது குறையும், போகாது. 'தே ஓ கோசோங்' பழகச் சில வாரம் பிடிக்கும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம், உணவு ஆலோசனையும் கேட்கலாம்.

இளைப்பு நிலையங்களில் ஆயிரக்கணக்கில் பேக்கேஜுக்குக் கட்டிவிட்டு, 'பணம் திரும்பாது' என்ற வரியைப் பார்த்து வாயடைத்துப் போகிறவர்கள் உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து பெறவேண்டிய சேவை ஒப்பந்தத்தை இடையில் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை தருகிறது. பயன்படுத்திய சேவைக்கும் பொருளுக்குமான தொகை, ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு என்று சட்டம் அனுமதிக்கும் கழிவுகள் மட்டுமே அவர்களுக்கு. ரத்து செய்வதை எழுத்தில் கொடுங்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

மீதிப் பணத்தைத் தர நிலையம் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விவகாரம் எழுந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனு எழுதத் தயங்குகிறவர்கள் மஸ்ஜித் நெகிரி சாலையிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம், 1969இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். மன்றத்தின் தீர்ப்பை நிலையம் 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம்.